பை 4: பத்து நிமிடம் வைஃபை, பிறகு ஆளைக் காணோம்

கேள்வி: 3 பிப்ரவரி 2025, மாலை 6.15

ராஸ்பெர்ரி பை 4 (கைக்கடக்கமான கணினிப் பலகை), 4 ஜிபி. அதன் இயங்குதளம் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட், புக்வோர்ம் பதிப்பு. திரையும் விசைப்பலகையும் கிடையாது, எல்லாம் எஸ்எஸ்ஹெச் (வேறு கணினியிலிருந்து வலை மூலம் உள்ளே நுழையும் முறை) வழியாகத்தான். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. போன வாரம் ஒரு எஸ்எஸ்டி வட்டை யூஎஸ்பி உறையில் போட்டு நீல போர்ட்டில் (யூஎஸ்பி 3) செருகினேன். அன்றிலிருந்து பை எழுந்து பத்து நிமிடம் போல வைஃபையில் இருக்கிறது, பிறகு காணாமல் போகிறது. எஸ்டி கார்டை மூன்று தடவை அழித்து எழுதிவிட்டேன். வைஃபை சிப் செத்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. சரியா?

பதில்: 3 பிப்ரவரி, இரவு 8.02

புதுப் பலகை வாங்க வேண்டாம். செத்த சிப் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் போகாது. கார்டையும் நான்காவது தடவை எழுத வேண்டாம். ஒவ்வொரு தடவை எழுதும்போதும் பதிவில் இருந்த தடயம் அழிந்துபோகிறது.

முதலில் எஸ்எஸ்ஹெச் சொல்லும் பிழையை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். "கனெக்ட் ஆகவில்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் பிழை வாசகம் ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டுகிறது.

"குட் நாட் ரிசால்வ் ஹோஸ்ட்நேம்" வந்தால் பெயர்தான் கிடைக்கவில்லை. பை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். ஐபி முகவரியை நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள்.

"நோ ரூட் டு ஹோஸ்ட்" உங்கள் வீட்டு வலையில் உள்ள முகவரிக்கே வந்தால், அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை. பை வலையில் இல்லை, அல்லது அதன் முகவரி மாறிவிட்டது.

"கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்" நல்ல செய்தி. பை உயிரோடு இருக்கிறது, வலையும் சரி, எஸ்எஸ்ஹெச் சேவை மட்டும் ஓடவில்லை. இப்போதுதான் எழுந்திருந்தால் ஒரு நிமிடம் பொறுத்துத் திரும்பவும் தட்டுங்கள்.

"பெர்மிஷன் டினைட்" வந்தால் வலைப் பக்கம் போகவே வேண்டாம். பயனர் பெயர், கடவுச்சொல், சாவி, இவை மூன்றில் ஒன்றுதான் தவறு.

உங்களுக்கு எது வருகிறது? கூடவே இன்னொரு கணினியிலிருந்து பையின் ஐபிக்கு பிங்கை (பதில் வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கும் கட்டளை) ஓடவிட்டு வையுங்கள். அது நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3 பிப்ரவரி, இரவு 8.30

இன்னொன்று. ஏன் பத்து நிமிடம்? எழுந்த பத்தாவது நிமிடத்தில் அந்தப் பையில் என்ன தொடங்குகிறது என்று பாருங்கள். "சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்" கட்டளையும் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) பட்டியலும் போதும்.

4 பிப்ரவரி, காலை 7.10

பதில் வந்திருக்கிறது: பிழை "நோ ரூட் டு ஹோஸ்ட்". பத்தாவது நிமிடத்தில் ஆர்சிங்க் ஒன்று எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கத் தொடங்குகிறது. கேள்வியிலேயே இது இருந்திருந்தால் நேற்றே பாதி தூரம் வந்திருப்போம். வட்டு சும்மா இருக்கும்வரை வைஃபை சரி, வட்டு எழுதத் தொடங்கியதும் வைஃபை போகிறது. அப்படியென்றால் நான் முதலில் பார்ப்பது மின்சாரத்தை.

"விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்" என்று தட்டுங்கள். 0எக்ஸ்0 வந்தால் எழுந்ததிலிருந்து மின்னழுத்தக் குறை இல்லை. 0எக்ஸ்50005 வந்தால் இந்த நொடியே குறை இருக்கிறது. 0எக்ஸ்50000 என்றால் இப்போது சரி, ஆனால் எழுந்த பிறகு ஒரு தடவையாவது விழுந்திருக்கிறது. கடைசி இலக்கம் இப்போதைய நிலை, முன்னால் உள்ள 5 நடந்துபோனதன் நினைவு. மறுதொடக்கம் செய்தால் அந்த நினைவு அழிந்துவிடும். அதனால் நகல் வேலை ஓடி முடிந்த பிறகு, மறுதொடக்கம் செய்யாமல் பாருங்கள். எச்சரிக்கை எழும் எல்லை 4.63 வோல்ட்.

4 பிப்ரவரி, காலை 7.45

"அடாப்டரில் 3 ஆம்பியர் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். அடாப்டர் சரியாகவே இருக்கலாம். வோல்ட் தொலைவது கேபிளில்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். மெல்லிய கேபிளில் மின்கம்பி 28 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமன் அளவு, எண் கூடக் கூடக் கம்பி மெலியும்). அந்தச் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஆகவே 1 மீட்டர் கேபிளில் 0.42 ஓம். பையும் எஸ்எஸ்டியும் சேர்ந்து 1.5 ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.63 வோல்ட் போய்விடுகிறது. 5.1-இல் புறப்பட்டது பலகைக்கு வரும்போது 4.47. அதே நீளம் 20 ஏடபிள்யூஜி கேபிளில் மின்தடை போக வர சேர்த்து சுமார் 0.07 ஓம், இழப்பு 0.1 வோல்ட். அடாப்டரை மாற்றாமலே 5.0 வோல்ட் வந்து சேரும். நீளத்தைப் பாதியாக்கினால் இழப்பும் பாதி.

இது முனை இணைப்புகளின் மின்தடையைச் சேர்க்காத கணக்கு. தேய்ந்த சாக்கெட் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

4 பிப்ரவரி, பிற்பகல் 1.20

அளக்கிறேன் என்று சொன்னவருக்கு அவசரமாக ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டரின் கூர்முனையை ஓடும் பலகையின் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஜிபிஐஓ முள்களில் நேரடியாக வைக்காதீர்கள். 1-ஆம் முள் 3.3 வோல்ட், அதை ஒட்டியே 2-ஆம் முள் 5 வோல்ட். முனை வழுக்கி இரண்டையும் தொட்டால் பலகை அந்த நொடியே போய்விடும்.

பையை அணையுங்கள். பெண் முனை உள்ள இரண்டு ஜம்பர் கம்பிகளை எடுத்து ஒன்றை 4-ஆம் முள்ளிலும் (5 வோல்ட்) மற்றதை 6-ஆம் முள்ளிலும் (தரை) செருகுங்கள். மறுமுனைகளை மல்டிமீட்டரோடு கிளிப் போட்டு, ஒன்றையொன்று தொடாமல் டேப் சுற்றிய பிறகு மின்சாரம் கொடுங்கள். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, நகல் ஓடும்போது ஒரு அளவு. இரண்டாவதுதான் முக்கியம்.

4 பிப்ரவரி, இரவு 9.05

அளவுகள்: சும்மா இருக்கையில் 4.86, நகல் ஓடும்போது 4.58. த்ராட்டில்ட் 0எக்ஸ்50000. ஆக மின்சாரம் குற்றவாளி. கேபிளை மாற்றுங்கள். மாற்றும்போது இதையும் கவனியுங்கள்: பை 4-இன் யூஎஸ்பி போர்ட்டுகள் நான்கும் சேர்ந்து 1.2 ஆம்பியர்தான் தரும். எஸ்எஸ்டி அதற்கு மேல் கேட்டால் எந்தக் கேபிளும் உதவாது. தனி மின்சாரம் உள்ள ஹப் வேண்டும்.

பை 4-இன் முதல் பதிப்புப் பலகை வைத்திருப்பவர்களுக்கு: அதில் யூஎஸ்பி-சி போர்ட்டின் இரண்டு சிசி முள்களுக்கும் (எது செருகியிருக்கிறது என்று அடாப்டர் அறியும் முள்கள்) ஒரே மின்தடையைப் பகிர்ந்திருந்தார்கள். தன்னை அடையாளம் காட்டும் இ-மார்க் சிப் உள்ள விலை உயர்ந்த கேபிளைச் செருகினால் சில அடாப்டர்கள் அதை வேறு கருவி என்று எண்ணி மின்சாரமே தராது. பதிப்பு 1.2-இல் திருத்திவிட்டார்கள். சாதாரண கேபிளில் எழுந்து லேப்டாப் கேபிளில் எழவில்லை என்றால் இதுதான்.

5 பிப்ரவரி, காலை 6.50

நேற்று "மின்சாரம் குற்றவாளி" என்று முடித்துவிட்டேன். அது அவசரம். புதுக் கேபிளில் நகல் ஓடும்போது 4.97 வோல்ட், த்ராட்டில்ட் 0எக்ஸ்0, இருந்தும் நகல் தொடங்கி இரண்டே நிமிடத்தில் பிங் தடுமாறுகிறது, சில நேரம் அறுந்தேவிடுகிறது என்கிறார். ஆகவே கோளாறு இரண்டு. ஒன்று தீர்ந்தது. எஸ்எஸ்டி வந்த நாளில் இரண்டும் சேர்ந்து வந்ததால் ஒன்றுபோலத் தெரிந்தது.

இரண்டாவது, யூஎஸ்பி 3 எழுப்பும் இரைச்சல். நீல போர்ட் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் பேசும்போது அதன் மின்காந்தக் கசிவு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவுகிறது. இன்டெல் 2012-இலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. கசிவு வருவது கவசம் சரியில்லாத கேபிள், இணைப்பி, எஸ்எஸ்டி உறை ஆகியவற்றிலிருந்து. பை 4-இன் ஆன்டெனா பலகையின் ஓரத்தில் சின்ன முக்கோண வெட்டாக இருக்கிறது. எஸ்எஸ்டி உறையைப் பையின் தலைமேல் வைத்தால் இரைச்சலை ஆன்டெனாவின் வாயில் ஊற்றுவது போல.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று: "ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 லிங்க்" காட்டும் சிக்னல் எண் மாறாது. நகலுக்கு முன் -52, நகல் ஓடும்போதும் -52 டிபிஎம். "சிக்னல் நன்றாகத்தானே இருக்கிறது" என்று விட்டுவிடுவோம். ஆனால் அந்த எண் ரௌட்டரின் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பக்கத்தில் யாராவது கத்திக்கொண்டிருந்தால் அது எண்ணில் தெரியாது. அதே கட்டளை காட்டும் பிட்ரேட்டைப் பாருங்கள், அது சரியும். "ஸ்டேஷன் டம்ப்" என்று கேட்டால் வரும் டிஎக்ஸ் ஃபெயில்ட் (அனுப்பத் தவறியவை) எண்ணையும் பாருங்கள், அது ஏறும்.

சோதனை எளிது. அதே எஸ்எஸ்டியைக் கறுப்பு போர்ட்டில் செருகி அதே நகலை ஓட்டுங்கள். கறுப்பு போர்ட் யூஎஸ்பி 2, நொடிக்கு 480 மெகாபிட். வைஃபை நிலையாக நின்றால் சந்தேகம் தீர்ந்தது.

5 பிப்ரவரி, காலை 11.30

கறுப்பு போர்ட்டில் ஒரு மணி நேரம் நகல், ஒரு பிங்கூட விழவில்லை. நல்லது.

ஆனால் வட்டு வேகத்தை விட மனமில்லை என்கிறீர்கள், நியாயம்தான். வழி மூன்று. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம், இந்த இரைச்சல் அங்கே எட்டாது. எஸ்எஸ்டியை நல்ல கவசமுள்ள 30 செமீ நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைக்கலாம். ஈதர்நெட் கேபிள் போடலாம். பை ஓரிடத்தில் நிலையாக இருக்குமென்றால் நான் தேர்ந்தெடுப்பது மூன்றாவது.

5 பிப்ரவரி, மாலை 4.15

5 கிகாஹெர்ட்ஸ் வலை பட்டியலில் தெரியவில்லையா? முதலில் பலகையைப் பாருங்கள். பை 3பி, ஜீரோ டபிள்யூ, ஜீரோ 2 டபிள்யூ மூன்றிலும் 2.4 மட்டும்தான். 3பி+, 4, 5 இவற்றில் இரண்டும் உண்டு.

பலகை சரியென்றால் நாட்டுக் குறியீடு. "ஐடபிள்யூ ரெக் கெட்" காட்டும் நாடு உங்கள் நாடுதானா? கார்டு எழுதும் மென்பொருளில் முன்னிருப்பாக இருந்ததை அப்படியே விட்டிருப்பீர்கள். அந்த நாட்டில் அனுமதி இல்லாத சேனலில் ரௌட்டர் இருந்தால் பை அதைக் கண்டுகொள்ளாது. 2.4-இல் 12, 13-ஆம் சேனல்களும் இதே கதை. ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் லோக்கலைசேஷன் பகுதிக்குப் போய் வைஃபை நாட்டை மாற்றுங்கள். குறியீடே அமைக்காவிட்டால் ஆர்எஃப்கில் (ரேடியோவை அணைக்கும் மென்பொருள் பூட்டு) வைஃபையை முழுவதுமாக முடக்கி வைத்திருக்கும்.

அடுத்தது ரேடாரும் பயன்படுத்தும் சேனல்கள், 52 முதல் 144 வரை. ரௌட்டர் அவற்றில் பேசுவதற்கு முன் குறைந்தது 60 நொடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் பை எழுந்து தேடும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வலை இன்னும் பிறந்திருக்காது. ரௌட்டரில் 36 முதல் 48 வரை ஒரு சேனலை நிலையாக வையுங்கள்.

நெட்வொர்க்மேனேஜர் (பையில் வலையைக் கவனிக்கும் மென்பொருள்) முன்னிருப்பில் நான்கு தடவை முயன்று ஓய்ந்துவிடும். "என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் மாடிஃபை" கட்டளையில் வலையின் பெயரைக் கொடுத்து, ஆட்டோகனெக்ட்-ரீட்ரைஸ் மதிப்பை 0 ஆக்குங்கள். 0 என்றால் ஓயாமல் முயலும்.

5 பிப்ரவரி, இரவு 10.40

இடையில் புகுந்த இன்னொருவர், "வைஃபை விவரம் எழுதிய டபிள்யூபிஏ_சப்ளிகன்ட்.கான்ஃப் கோப்பைக் கார்டின் பூட் பகுதியில் போட்டேன், பை வைஃபைக்கே வரவில்லை" என்கிறார். புக்வோர்மில் அது வேலை செய்யாது. அக்டோபர் 2023-இல் புக்வோர்ம் வந்ததிலிருந்து வலையைக் கவனிப்பது நெட்வொர்க்மேனேஜர். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி அதற்கு முந்தியவை.

இதே போல இன்னும் இரண்டு மாற்றங்கள் ஆட்களைத் திணறடிக்கின்றன. நவம்பர் 2016-இலிருந்து எஸ்எஸ்ஹெச் முன்னிருப்பாக அணைந்தே வருகிறது. பூட் பகுதியில் எஸ்எஸ்ஹெச் என்ற பெயரில் வெற்றுக் கோப்பு வைத்தால் திறக்கும், நோட்பேட் தானாக .டெக்ஸ்ட் ஒட்டினாலும் பரவாயில்லை. ஏப்ரல் 2022-இலிருந்து "பை" என்ற பயனரும் "ராஸ்பெர்ரி" என்ற கடவுச்சொல்லும் கிடையாது. கார்டு எழுதும்போது இமேஜர் மென்பொருளிலேயே பயனர், வைஃபை, எஸ்எஸ்ஹெச் மூன்றையும் நிரப்பிவிடுங்கள்.

6 பிப்ரவரி, காலை 7.25

நேற்று அந்த .டெக்ஸ்ட் பற்றி எழுதியது எஸ்எஸ்ஹெச் கோப்புக்கு மட்டும். மற்ற அமைப்புக் கோப்புகளுக்குப் பெயர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். கோப்பு நீட்டிப்பை மறைக்கும் வசதியை விண்டோஸில் அணைத்துவிட்டுத்தான் பூட் பகுதியைத் தொட வேண்டும்.

6 பிப்ரவரி, பிற்பகல் 2.10

ஜீரோ டபிள்யூ பற்றி ஒரு கேள்வி: "யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்தேன், விளக்கு எரிகிறது, கணினிக்குத் தெரியவில்லை." ஜீரோவில் இரண்டு மைக்ரோ யூஎஸ்பி போர்ட்டுகள் உண்டு. ஓரத்தில் இருப்பது மின்சாரம் மட்டும், நடுப்பக்கம் இருப்பதில்தான் தரவு. போர்ட் சரியென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் தரவுக் கம்பிகளே கிடையாது. அதே கேபிளில் ஒரு ஃபோனை மாட்டிக் கோப்பு தெரிகிறதா பாருங்கள்.

6 பிப்ரவரி, மாலை 6.35

"வைஃபை பவர் சேவை அணைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்கிறார். எல்லாம் ஆகாது. பவர் சேவின் அடையாளம் வேறு: கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகு முதல் பிங் மெதுவாக வரும், பிறகு வேகம் பிடிக்கும், எஸ்எஸ்ஹெச்சில் தட்டும் எழுத்து விக்கி விக்கித் தெரியும். வேலை செய்துகொண்டிருக்கும்போது அறுந்தால் அதற்குக் காரணம் பவர் சேவ் ஆகாது. சோதிக்க "ஐடபிள்யூ டெவ் டபிள்யூலேன்0 செட் பவர்_சேவ் ஆஃப்". இது மறுதொடக்கத்தில் போய்விடும். நிலையாக வேண்டுமென்றால் என்எம்சிஎல்ஐயில் அந்த இணைப்பின் பவர்சேவ் மதிப்பை 2 ஆக்குங்கள்.

7 பிப்ரவரி, காலை 8.00

ஈதர்நெட்டுக்கு மாறிய இன்னொருவருக்கு விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், 1, 2, 3, 6-ஆம் முனைகள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்திருந்தால் பழைய 100 மெகாபிட் கருவியில் அந்தக் கேபிள் நன்றாகவே ஓடும். பை 4-இல் கிகாபிட்டுக்கு முயன்று முயன்று விழும், அல்லது 100-க்கு இறங்கி நிற்கும். "எத்டூல் எத்0" காட்டும் வேகத்தைப் பாருங்கள். 1000 இல்லையென்றால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள், மென்பொருளைத் தொடாதீர்கள்.

169.254-இல் தொடங்கும் முகவரி வந்தால் ரௌட்டர் முகவரி கொடுக்கவே இல்லை என்று பொருள்.

7 பிப்ரவரி, இரவு 9.30

எஸ்எஸ்டியிலிருந்தே பூட் செய்பவர்கள் கவனிக்க. பிங் ஒழுங்காக வருகிறது, ஆனால் எஸ்எஸ்ஹெச் பதில் சொல்லாமல் தொங்குகிறது. இதை வலைக் கோளாறு என்று எண்ணி ரௌட்டரைக் குடைவார்கள். பிங்குக்குக் கெர்னலே (இயங்குதளத்தின் மையம்) பதில் சொல்லிவிடும், அதற்கு வட்டு தேவையில்லை. எஸ்எஸ்ஹெச் நுழைய வட்டைப் படித்தாக வேண்டும். வட்டு கழன்றிருந்தால் அங்கே உறைந்துவிடும். எஸ்எஸ்டி உறைக்குள் இருக்கும் சில யூஎஸ்பி-சாட்டா சிப்களுக்கு யூஏஎஸ் என்ற வேகமான தரவு முறை ஒத்துவராது. சிஎம்டிலைன்.டெக்ஸ்ட்டில் அந்த உறையின் அடையாள எண்ணைக் கொடுத்து யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸில் "யூ" போட்டால் பழைய முறைக்கு இறங்கும். வேகம் கொஞ்சம் குறையும். அந்தக் கோப்பில் எல்லாம் ஒரே வரியில் இருக்க வேண்டும், நடுவில் என்டர் தட்டினால் பை எழாது.

8 பிப்ரவரி, காலை 7.40

எதுவும் பிடிபடாதவர்களுக்குக் கடைசி வழி சீரியல் கன்சோல், அதாவது வலையே இல்லாமல் கம்பி வழியாக உள்ளே நுழைவது. கான்ஃபிக்.டெக்ஸ்ட்டில் எனேபிள்_யூஆர்ட்=1. 3.3 வோல்ட் யூஎஸ்பி-சீரியல் அடாப்டர். 5 வோல்ட் சிக்னல் உள்ளதைப் போட்டால் பை கெட்டுப்போகும். தரை 6-ஆம் முள்ளில், அடாப்டரின் ஆர்எக்ஸ் 8-இல், டிஎக்ஸ் 10-இல், வேகம் 115200. அடாப்டரின் மின்சாரக் கம்பியை எதிலும் மாட்டாதீர்கள். வலை முழுக்கச் செத்திருந்தாலும் உள்ளே நுழைந்துவிடலாம்.

அதற்கும் முன்னால் பச்சை விளக்கைப் பாருங்கள். நான்கு சிமிட்டல் திரும்பத் திரும்ப வந்தால் தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு சிமிட்டல் என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. அந்தப் பை எழவே இல்லை, அதை வலையில் தேடிப் பயனில்லை.

8 பிப்ரவரி, பிற்பகல் 12.15

கார்டை மூன்று தடவை எழுதியவருக்கு "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்" என்று மிரட்டல் வந்ததாம். புதிதாக எழுதிய ஒவ்வொரு கார்டும் புது ஹோஸ்ட் சாவியை (பையின் அடையாளச் சாவி) உருவாக்கும். உங்கள் கணினி பழைய சாவியை நினைவில் வைத்திருக்கிறது. "எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஆர்" என்று தட்டி முகவரியைக் கொடுத்தால் அது நீங்கும். கட்டளையில் அந்த "ஆர்" பெரிய எழுத்து. நீங்களே கார்டை எழுதியிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். எதுவும் மாற்றாதபோது இந்த எச்சரிக்கை வந்தால், அந்த முகவரியில் வேறு கருவி உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

9 பிப்ரவரி, இரவு 8.50

கேள்வி கேட்டவரின் நிலவரம்: புதுக் கேபிள், நீல போர்ட்டில் 30 செமீ நீட்டிப்பு, வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் 44-ஆம் சேனல். 48 மணி நேரமாக அறுபடவில்லை, த்ராட்டில்ட் 0எக்ஸ்0.

ஒரு வேலை பாக்கி. ரௌட்டரில் பையின் மேக் முகவரிக்கு (வலை இணைப்பின் அடையாள எண்) நிலையான ஐபி ஒதுக்கிவிடுங்கள். நீங்கள் ஈதர்நெட்டுக்கு மாறினால் மேக் முகவரி வேறு, அதற்குத் தனியாக இன்னொன்று ஒதுக்க வேண்டும்.